பிராசஸரை மாற்றச் சொல்வதற்கு முன்

பங்குனி பாதி தாண்டினால் போதும், வேலூரில் எங்கள் சர்வீஸ் கடைக்கு வரும் சிபியுக்கள் பெரும்பாலும் ஒரே புகாரோடுதான் வரும். காலையில் நன்றாக ஓடுகிறது, மதியம் நகரவே மாட்டேன் என்கிறது, சில நேரம் தானாகவே ஆஃப் ஆகிவிடுகிறது. கூடவே தீர்ப்பையும் சொல்லிவிடுவார்கள்: "அண்ணே, பிராசஸர் போயிடுச்சு போல. புதுசா போட்டுடுங்க."

காலையில் ஓடி மதியம் படுக்கிற மெஷினில் நான் பிராசஸரைச் சந்தேகப்படுவதே இல்லை. மதர்போர்டு போகும், கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் போகும், ஹார்ட் டிஸ்க் போகும். பிராசஸர் அவ்வளவு சுலபத்தில் போகிற பொருள் இல்லை. சூடு எல்லை மீறினால் அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். இன்டெல் டெஸ்க்டாப் பிராசஸர்கள் பலவற்றுக்கு அந்த எல்லை 100 டிகிரி செல்சியஸ். ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசையில் பெரும்பாலானவற்றுக்கு 95. அப்படியும் சூடு அடங்காவிட்டால் மெஷினையே நிறுத்திவிடும்.

பிராசஸர் மேல் உட்காரும் உலோகத் தகடுகளான ஹீட் சிங்கும் ஃபேனும் (இரண்டும் சேர்ந்ததுதான் கூலர்) செய்வதெல்லாம் பிராசஸரின் சூட்டை அறைக்காற்றில் இறக்கிவிடுவதுதான். காற்றே கொதித்தால் அவை என்ன செய்யும்? 25 டிகிரி ஏசி அறையில் 70 டிகிரியில் ஓடுகிற மெஷின், அதே வேலையைத் தகர ஷீட் போட்ட கடையில் 40 டிகிரியில் செய்தால் ஏறக்குறைய 85ஐத் தொடும். கத்திரியில் நம் ஊர் 40ஐத் தாண்டுவதெல்லாம் செய்தியே இல்லை. இதில் தூசியும் அடைத்துக்கொண்டால் கேட்கவே வேண்டாம்.

குடியாத்தம் பக்கம் தறி ஓடும் வீட்டிலிருந்து ஒரு சிபியு வந்தது. மூடியைத் திறந்தால் உள்ளே பளிச்சென்று இருக்கிறது, ஃபேனும் ஜோராகச் சுற்றுகிறது. வீட்டுக்காரர் வாராவாரம் துடைப்பவராம். ஃபேனைக் கழற்றிப் பார்த்தால்தான் விஷயம் தெரிந்தது. ஃபேனுக்கும் ஹீட் சிங்க் தகடுகளுக்கும் நடுவில் பஞ்சும் தூசியும் படிந்து, ஓரத்தை நகத்தால் தூக்கினால் கம்பளித் துண்டு மாதிரி முழுசாக உரிந்து வந்தது. ஃபேன் சுற்றியது உண்மைதான், ஆனால் காற்று தகடுகளுக்குள் இறங்கவே இல்லை. பிராசஸருக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவில் சூட்டைக் கடத்தத் தடவியிருந்த பழைய தெர்மல் பேஸ்ட்டைச் சுரண்டி, புதிதாகத் தடவி மாட்டியதோடு சரி. பிராசஸர் பழையதேதான்.

நீங்களே சுத்தம் செய்வதென்றால் கரண்ட் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தொடங்குங்கள். புளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். காற்றில் தாறுமாறாகச் சுற்ற விட்டால் பேரிங் கெடும். காய்ந்த பேஸ்ட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். புது பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு நடுவில் வைத்தால் பெரும்பாலான பிராசஸருக்குப் போதும், கூலரை அழுத்தும்போது தானே பரவும். இன்னொன்று: சூடு என்று ஏர் கூலரை சிபியுவுக்கு நேராகத் திருப்பி வைக்கிறார்கள். அந்த ஈரக்காற்றில் தூசி சேறாக ஒட்டிக்கொள்ளும், புளோயருக்கும் அசையாது.

சரி, வேலை கூடிவிட்டது, உண்மையிலேயே வேகமான பிராசஸர் வேண்டும் என்றால் மாற்றலாம். ஆனால் வாங்கும் முன் போர்டு மாடல் எண்ணைப் பார்த்து, அந்தக் கம்பெனியின் இணையதளத்தில் எந்தெந்தப் பிராசஸர் ஏற்கும் என்ற பட்டியலைப் பாருங்கள். பிராசஸர் உட்காரும் சாக்கெட்டின் பெயர் ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது. இன்டெல்லின் எல்ஜிஏ 1151 சாக்கெட்டில் ஆறாம், ஏழாம் தலைமுறைக்கு வந்த போர்டில் எட்டாம் தலைமுறை பிராசஸர் உட்காரும், வேலை செய்யாது. எல்ஜிஏ 1700 போர்டு பன்னிரண்டாம் தலைமுறை காலத்தில் வாங்கியது என்றால், பதிமூன்று, பதினான்குக்கு முதலில் பயாஸை (மெஷினைத் தொடக்கிவைக்கும், போர்டிலேயே இருக்கும் மென்பொருள்) அப்டேட் செய்ய வேண்டும். பழைய பிராசஸர் இருக்கும்போதே அதை முடித்துவிடுங்கள்.

ஏஎம்டி பிராசஸருக்கான ஏஎம்4 சாக்கெட் போர்டில் கூலரை நேராகப் பிடித்து இழுக்காதீர்கள். காய்ந்த பேஸ்ட் பிராசஸரையும் சேர்த்துப் பிடுங்கி வந்துவிடும், அடியில் உள்ள பின்கள் வளையும். கழற்றும் முன் மெஷினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டால் பேஸ்ட் இளகும். அப்புறம் ஆஃப் செய்து, பிளக்கைப் பிடுங்கி, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகி எடுங்கள்.

புது கூலரின் அடியில் பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தால் உரித்துவிட்டு மாட்டுங்கள். இன்டெல்லோடு வரும் கூலரின் நான்கு கால்களையும் மூலைக்கு மூலை எதிரெதிராக, 'டக்' என்று சத்தம் கேட்கும்வரை அழுத்த வேண்டும். மாட்டியதும் விண்டோஸுக்குள் போகாமல் பயாஸில் நின்று சூட்டைப் பாருங்கள். சும்மா நிற்கும்போதே இரண்டு நிமிடத்தில் எண்பது, தொண்ணூறு என்று ஏறினால் உடனே ஆஃப் செய்துவிட்டு, போர்டின் பின்பக்கம் பாருங்கள். அநேகமாக ஒரு கால் பாதிதான் இறங்கியிருக்கும்.