தசைக்குள் நிற்க வேண்டிய தண்ணீர்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் பால்மரம், அதாவது ரப்பர் மரம், வெட்டுகிறவர்கள் இருட்டோடு கிளம்பிவிடுவார்கள். நெற்றியில் விளக்கு, கையில் கத்தி. இப்போது செம்பனைதான் எங்கு பார்த்தாலும். ஆனாலும் ஊரில் வயதான யாரைக் கேட்டாலும் அந்த நேரக் கணக்கைச் சொல்வார்கள்: விடிவதற்கு முன்னால் வெட்டு, வெயில் ஏறினால் பால் வராது.

காரணம் தண்ணீர். இரவு முழுக்க வேர் உறிஞ்சிய நீர் மரத்துக்குள் தங்கியிருப்பதால், பட்டைக்கு உள்ளே இருக்கும் பால்குழாய்கள் விம்மிக்கொண்டு நிற்கும். அந்த நேரத்தில் குழாய்க்குள் இருக்கும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல 10 மடங்குக்கும் மேல். கத்தி பட்டதும் பால் பீறிடுவது அதனால்தான். வெயில் வந்து, இலைகள் நீரை ஆவியாக விடத் தொடங்கியதும் அழுத்தம் இறங்கிவிடும். மரம் அதே மரம்தான், பாலும் உள்ளேதான் இருக்கிறது. தள்ளிவிடத் தண்ணீர் இல்லை.

கட்டழகர் (பாடிபில்டிங்) போட்டிக்கு ஆறு நாள் இருக்கும்போது, நான் பயிற்சி கொடுக்கும் தம்பி வந்து, "அண்ணே, நாளையிலிருந்து தண்ணிய கட் பண்ணிடவா?" என்று கேட்டான். நான் பதில் சொல்வதற்குள் அவனைக் கூட்டிவந்த அவன் அம்மா முந்திக்கொண்டார். இருபது வருடம் பால் வெட்டியவர். "மத்தியானத்துல மரத்தை வெட்டுனா பால் வருமாடா?" என்றார். போட்டியின் கடைசி வாரத்தைப் பற்றி நான் சொல்ல நினைப்பது எல்லாம் அந்தக் கேள்வியில் இருக்கிறது. அதை உடம்புக் கணக்கில் விரித்துச் சொல்கிறேன்.

தசை என்பது முக்கால் பங்கு தண்ணீர். மேடையில் தோள் உருண்டு நிற்பதும், தொடையில் கோடு விழுவதும் புரதத்தால் மட்டும் அல்ல, தசைச் செல்லுக்குள் நிறைந்திருக்கும் நீராலும்தான். 80 கிலோ ஆண் ஒருவரின் உடம்பில் சுமார் 48 லிட்டர் தண்ணீர் இருக்கும். அதில் மூன்றில் இரண்டு பங்கு செல்களுக்கு உள்ளே. மீதி ஒரு பங்கு வெளியே: இரத்தத்திலும், செல்களின் இடுக்குகளிலும், தோலுக்கு அடியிலும். போட்டிக்காரர்கள் பயப்படுவது இந்தத் தோலடித் தண்ணீருக்கு. அது கூடினால் தசையின் கோடுகள் மங்கிவிடும் என்பது சரிதான். ஆனால் குடிப்பதை நிறுத்தினால் அது மட்டும் வடிந்துவிடும் என்று நினைப்பது தவறு.

குடிக்காமல் இருக்கும்போது முதலில் வெளியே இருக்கும் நீர் குறைகிறது. அதனால் அங்கே உப்பின் அடர்த்தி கூடுகிறது. அடர்த்தி கூடிய பக்கம் தண்ணீர் நகரும். ஊறுகாய் போட மாங்காயில் உப்பைத் தூவினால் நீர் விட்டுக்கொள்கிறதே, அதே சவ்வூடு பரவல்தான். ஆகவே செல்லுக்குள் இருக்கும் நீர் வெளியே இழுக்கப்படுகிறது. மாதக்கணக்கில் பாடுபட்டு வளர்த்த தசை சப்பையாகிவிடுகிறது. ஜிம் ஆட்கள் இதை 'ஃபிளாட்' ஆகிவிட்டது என்பார்கள்.

சரி, தண்ணீரைச் செல்லுக்குள் எப்படி ஏற்றுவது? அதற்குக் கிளைக்கோஜன் வேண்டும். சோறு, ரொட்டி, கிழங்கு எல்லாம் செரித்துக் குளுக்கோசாகி, தசைக்குள் சங்கிலியாகக் கோர்த்துச் சேமிக்கப்படும் மாவுச்சத்து அது. சாதாரணமாக ஒருவரின் தசைகளில் 400 முதல் 500 கிராம் இருக்கும். ஒவ்வொரு கிராமும் தன்னோடு ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். 200 கிராம் கிளைக்கோஜன் கூடினால் 600 கிராம் தண்ணீரும் சேர்ந்து உள்ளே போகிறது. மொத்தம் 800 கிராம், அதுவும் தசைக்குள்ளேயே.

இதைக் கண்டுபிடித்த கதை எனக்கு மிகவும் பிடிக்கும். சுவீடனில் யோனாஸ் பெரிஸ்ட்ரோம், எரிக் ஹல்ட்மன் என்ற இரண்டு மருத்துவர்கள், 1966-இல் தங்கள் உடம்பையே சோதனைக்குக் கொடுத்தார்கள். ஒரே பயிற்சி சைக்கிளில் ஆளுக்கு ஒரு பக்கம் உட்கார்ந்து, ஒற்றைக் காலால் களைத்துப்போகும்வரை மிதித்தார்கள். மற்றக் கால் சும்மா இருந்தது. அப்புறம் மூன்று நாள் மாவுச்சத்து நிறைந்த சாப்பாடு. தினமும் ஊசி போட்டு இரண்டு கால்களிலிருந்தும் துளித்துளி தசையை எடுத்துப் பார்த்தார்கள். உழைத்த காலில் கிளைக்கோஜன் பழைய அளவைத் தாண்டி ஏறக்குறைய இரண்டு மடங்குக்குப் போயிருந்தது. ஓய்வெடுத்த காலில் பெரிய மாற்றம் இல்லை. ஒரே ஆள், ஒரே இரத்தம், ஒரே சாப்பாடு. உழைத்துக் காலியான தசை மட்டும் அள்ளிக்கொண்டது. தசை சுருங்கி விரியும்போது, குளுக்கோசை உள்ளே விடும் க்ளூட்-4 என்ற புரதங்கள் செல்லின் ஓரத்துக்கு நகர்ந்து வந்து கதவு திறப்பதுபோல் வேலை செய்கின்றன என்பது பின்னால் தெரிந்தது.

அதனால்தான் கடைசி வாரத்தின் தொடக்கத்தில் தூக்கும் எடையைக் குறைத்து, எண்ணிக்கையைக் கூட்டி, உடம்பு முழுவதையும் காலி செய்யும் பயிற்சி கொடுக்கிறோம். அதன் பிறகு இரண்டு நாள் நிரப்புதல். உடல் எடையில் கிலோவுக்கு 8 கிராம் மாவுச்சத்து என்று வைத்தால், 70 கிலோ தம்பிக்கு ஒரு நாளைக்கு 560 கிராம். வெந்த வெள்ளைச் சோற்றில் கணக்குப் பார்த்தால் 2 கிலோ வரும். பருப்பும் பயறும் வேண்டாம், வயிறு உப்பிவிடும். எண்ணெயும் குறைவு. சோறு, வெள்ளை ரொட்டி, உருளைக்கிழங்கு, தேன். மூன்று மாதம் சோற்றை அளந்து தின்ற பையன் இரண்டாவது கிலோவில் திணறுவான். அதையும் ஏழெட்டு வேளையாகப் பிரித்துத்தான் கொடுக்க வேண்டும்.

அளவு மீறினாலும் ஆபத்து உண்டு. மாவுச்சத்தோடு இன்சுலின் ஏறும். இன்சுலின் சிறுநீரகத்தை உப்பைப் பிடித்துவைக்கச் சொல்லும். தசை நிரம்பிய பிறகும் ஊட்டிக்கொண்டே போனால் தண்ணீர் வெளிப்பக்கம் தங்கத் தொடங்கும். கோச்சுகள் இதை 'ஸ்பில்' என்பார்கள். எந்த வேளையில் நிறுத்துவது என்பதைப் புத்தகம் சொல்லாது. தினமும் காலையில் ஒரே விளக்கின் கீழ் ஒரே இடத்தில் நிறுத்திப் படம் எடுத்து, நேற்றையதோடு வைத்துப் பார்க்கிறேன். கீழ்முதுகில் இடுப்புக்கு மேலே தோலைக் கிள்ளிப் பார்க்கிறேன். முந்தின நாள் காகிதம்போல் இருந்த மடிப்பு சற்றுத் தடித்தால், அடுத்த வேளைச் சோற்றைப் பாதியாக்கிவிடுவேன்.

உப்புக்கு வருகிறேன். அதில் அடிபட்டவன் நான். பல வருடங்களுக்கு முன் எனக்குப் பயிற்சி கொடுத்தவர் நான்கு நாள் உப்பை அறவே நிறுத்தச் சொன்னார், கடைசி ஒன்றரை நாள் தண்ணீரையும். மேடையேறுவதற்கு முன் பம்ப் பண்ணப் போனேன், அதாவது லேசான பயிற்சியால் தசைக்கு இரத்தம் ஏற்ற. ரப்பர் பட்டையை இழுத்து இழுத்துப் பார்த்தும் கையில் இரத்தம் ஏறவே இல்லை. மேடையில் பக்கவாட்டு மார்பு போஸில் வலது கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. நடுவர்கள் முன்னால் காலை உதறிக்கொண்டு நின்றேன். இரவு வீட்டுக்கு வந்து இரண்டு தட்டு மீ கோரெங் சாப்பிட்டேன். மறுநாள் காலையில் கண்ணாடியில் பார்த்தால், மேடையில் இருந்திருக்க வேண்டிய உடம்பு அப்போதுதான் நின்றது. அந்தக் காலை நேரம் இன்னும் எனக்கு வலிக்கிறது.

நடந்தது என்ன? சிறுகுடலில் குளுக்கோசை உள்ளே எடுத்துச் செல்லும் முக்கிய வாசல் தனியாகத் திறக்காது. சோடியமும் கூடவே வந்தால்தான் திறக்கும். பேதிக்காரருக்கு உப்பும் சர்க்கரையும் சேர்த்துக் கரைத்துக் கொடுப்பது இந்த வாசலை நம்பித்தான். உப்பை நிறுத்தினால் இரத்தத்தின் அளவும் சுருங்கும். நரம்பு புடைக்க, பம்ப் ஏற, இரத்தம் வேண்டுமே? போதாக்குறைக்கு, சோடியம் குறைவதைக் கண்ட உடம்பு ஆல்டோஸ்டீரோன் என்ற ஹார்மோனைக் கூட்டிவிடுகிறது. சிறுநீரகம் கிடைத்த உப்பையெல்லாம் பிடித்துவைத்துப் பொட்டாசியத்தை வெளியே தள்ளும். தண்ணீரை நிறுத்தினாலோ வாசோபிரெசின் என்ற இன்னொரு ஹார்மோன் ஏறிச் சிறுநீரைச் சுண்டவைக்கும். தண்ணீரை வெளியேற்ற நினைத்தவனின் உடம்பு தண்ணீரைப் பதுக்கும் உடம்பாக மாறிவிடுகிறது.

சிறுநீர் கழிய வைக்கும் மாத்திரைகளை இந்த இடத்தில்தான் சிலர் நீட்டுவார்கள். இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். நம் செல்லுக்குள் பொட்டாசியம் லிட்டருக்கு 140 மில்லிமோல் அளவில் இருக்கிறது, வெளியே இரத்தத்தில் 3.5 முதல் 5 வரைதான். இதயம் ஒழுங்காகத் துடிப்பது இந்த வித்தியாசத்தை நம்பித்தான். இரத்தத்துப் பொட்டாசிய அளவு கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் துடிப்பின் தாளம் கெடும். மாத்திரைகளில் சில பொட்டாசியத்தை வெளியேற்றும், சில தேக்கிவைக்கும். அதோடு தண்ணீரும் இல்லை என்றால்? 1992-இல் முகமது பெனாசிசா என்ற தொழில்முறை வீரர் நெதர்லாந்தில் ஒரு கிராண்ட் பிரி போட்டியில் ஜெயித்த சில மணி நேரத்தில் இறந்துபோனார். கடுமையான நீரிழப்பைத் தொடர்ந்து இதயம் நின்றது. கையில் பட்டம் இருந்தது. 1996-இல் மிஸ்டர் ஒலிம்பியாவில் மூன்றாம் இடம் பிடித்த நாசர் எல் சொன்பாட்டி, இந்த வகை மருந்துக்கான சோதனையில் சிக்கித் தகுதி இழந்தார். அவ்வளவு உயரத்தில் இருப்பவர்களே இதை நம்பியிருக்கும்போது, எஸ்டேட் ஊரில் ஒரு கடைக்கு மேல்மாடி ஜிம்மில் இருக்கும் பையனுக்கு யாராவது ஒருவர் உட்கார்ந்து சொல்லத்தான் வேண்டும்.

இன்னொன்றும் உண்மை. கடைசி வாரத்தில் செய்வது முகத்துக்குப் பவுடர் போடுவது மாதிரி. கோடு தெரிவது கொழுப்பு போயிருந்தால்தான். அதற்கு நான்கைந்து மாதம் வேண்டும், வாரத்துக்கு உடல் எடையில் அரை முதல் ஒரு சதவீதத்துக்கு மேல் இறக்காமல். அவசரப்பட்டால் தசையும் சேர்ந்து கரையும். நிதானமாகச் செய்தால்கூட உடம்பு சும்மா விடுவதில்லை. 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், மருந்து எடுக்காத ஒரு போட்டியாளரை ஒரு வருடம் பின்தொடர்ந்தார்கள். தயாரிப்புக் காலத்தில் கொழுப்பு 14.8 சதவீதத்திலிருந்து 4.5-க்கு இறங்கியது. நிமிடத்துக்கு 53 ஆக இருந்த இதயத்துடிப்பு 27-க்குப் போனது. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டீரோன் கால் பங்காகக் குறைந்தது. பட்டினி என்று நினைத்துக்கொண்டு உடம்பு விளக்கை ஒவ்வொன்றாக அணைக்கிறது. போட்டிக்காரன் எரிந்து விழுவதும், தூக்கம் வராமல் புரளுவதும் திமிர் அல்ல. வீட்டில் இருப்பவர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவைப்பதும் கோச்சின் வேலைதான்.

மேடைக்கு முன் தோலைக் கருப்பாக்கப் பூசும் டேனைப் பற்றியும் ஒரு வார்த்தை. "நான்தான் ஏற்கெனவே கறுப்பாச்சே, எனக்கு எதுக்குண்ணே?" என்றான் தம்பி. உருண்டை வடிவத்தைக் கண் பிடிப்பது வெளிச்சமும் நிழலும் மாறி மாறி வருவதை வைத்துத்தான். மேடை விளக்கின் பலத்தில் தோல் ஒளியைச் சிதறடித்துப் பள்ளங்களையும் வெளுக்க வைத்துவிடும். தோல் ஒரே சீராகக் கருத்து, மேலே மெல்லிய பளபளப்பும் இருந்தால் மேடு மின்னும், பள்ளம் இருட்டாகும். அதனால் கரிய தம்பிக்கும் மூன்று பூச்சு உண்டு.

ஈப்போ மண்டபத்தின் பின்பக்கத்தில், மேடைக்கு நாற்பது நிமிடம் இருக்கும்போது அவனுக்கு ஜாம் தடவிய இரண்டு துண்டு ரொட்டியும், உப்பு போட்ட அரை லிட்டர் தண்ணீரும் கொடுத்தேன். பக்கத்தில் ஒரு பையன் தரையில் காலை மேலே தூக்கிப் படுத்திருந்தான். உதடு வெடித்திருந்தது, கையில் பாட்டில் இல்லை. தம்பி தன் பாட்டிலையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு குடித்தான். பட்டையை எடுத்து இருபது முறை இழுத்ததும் முன்கையில் நரம்பு மண்புழுபோல் எழும்பியது. ஏழு கட்டாய போஸ்களையும் நடுங்காமல் பிடித்தான். மூன்றாம் இடம்.

அன்று இரவே அடுத்த வாரத்துக்கான தாளைக் கொடுத்துவிட்டேன். போட்டி முடிந்ததும் கட்டவிழ்த்துவிட்டதுபோல் தின்றால் இரண்டு நாளில் கணுக்கால் வீங்கி, செருப்பு நுழையாது. தாளில் தண்ணீரும் உப்பும் போன வாரத்து அளவேதான், சாப்பாடு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும். திங்கட்கிழமைப் பசியாறலுக்கு ஒரு ரொட்டி சானாய் எழுதியிருந்தேன். "ஒண்ணுதானாண்ணே?" என்றான். இரண்டாக்கிக் கொடுத்தேன்.