தொங்கல் எங்கே தொடங்குகிறது?

பள்ளிச் சுற்றுச்சுவர், அரசு அலுவலக வாசல், அடுக்குமாடிக் குடியிருப்பின் வேலியோரம் என்று தமிழ்நாட்டில் நெட்டிலிங்கம் இல்லாத ஊர் அரிது. ஒல்லியாக, நெடுநெடுவென்று நிற்பதால் அது ஒரு தொங்குகிளை மரம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. அருகே போய் இலைகளை விலக்கிப் பாருங்கள். தண்டு நேராக வானத்தை நோக்கிப் போகிறது. கிளைகளோ கிளம்பிய இடத்திலேயே சரிந்து, தண்டை ஒட்டியபடி கீழே இறங்குகின்றன. ஓரம் நெளிந்த நீண்ட இலைகளும் தரையைப் பார்த்தே தொங்குகின்றன.

தென்னிந்தியாவும் இலங்கையும் இதன் தாயகம். காட்டில் இயல்பாக வளரும் நெட்டிலிங்கம் நன்றாகக் கிளை பரப்பும் மரம். தோட்டங்களில் நாம் பெரும்பாலும் பார்ப்பது அதன் தொங்கும் வடிவத்தைத்தான். நர்சரிகளில் இதை அசோக மரம் என்றே விற்கிறார்கள். நெட்டிலிங்கம் சீத்தாப்பழக் குடும்பத்தைச் சேர்ந்தது, அதன் பூ இலையோடு கலந்துபோகும் வெளிர்பச்சை. ஆரஞ்சு நிறக் கொத்துகளாகப் பூக்கும் உண்மையான அசோகம் அவரைக் குடும்பத்து மரம்.

ஒரே மரத்தில் தண்டு மேலே போக, கிளை ஏன் கீழே வருகிறது? செடிக்கு மேலும் கீழும் தெரிவது மாவுச்சத்து மணிகளால். தண்டின் உள்ளே ஓர் அடுக்கு உயிரணுக்களில் இந்த மணிகள் கனத்தால் அடியில் போய்ப் படியும். தண்டைச் சாய்த்தால் மணிகள் இடம் மாறும். அதைத் தொடர்ந்து ஆக்ஸின் என்னும் வளர்ச்சி ஊக்கி கீழ்ப்பக்கத்தில் சேரும். கீழ்ப்பக்க உயிரணுக்கள் அதிகமாக நீள, நுனி மேல்நோக்கி வளையும். இளந்தளிருக்கு இது போதும். முற்றிக் கட்டையான கிளைக்குப் போதாது. பூக்கும் மரங்களில் பெரும்பாலானவை அப்போது கிளையின் மேல்பக்கத்தில் ஒரு தனி வகைக் கட்டையை உருவாக்கும். அது சுருங்கி, கூடாரத்தை இழுத்துப் பிடிக்கும் கயிறு போலக் கிளையைத் தூக்கி நிறுத்தும். பைன் போன்ற ஊசியிலை மரங்களில் இந்த வேலை தலைகீழாக நடக்கிறது: கட்டை கீழ்ப்பக்கத்தில் உருவாகி மேலே தள்ளுகிறது.

இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் கிளை தொங்கும். ஜப்பானில் தொங்கி வளரும் ஒருவகைக் காலைப்பூக் கொடி உண்டு. ஒரே ஒரு மரபணு பழுதுபட்டதால் புவியீர்ப்பை உணரும் அடுக்கே அதில் சரியாக அமையவில்லை என்று 2005இல் தெரியவந்தது. அந்தக் கொடியால் கொம்பைச் சுற்றிப் படரவும் முடியாது. தொங்கும் பீச் மரத்துக்குக் காரணமான மரபணு 2018இல் அடையாளம் காணப்பட்டது. பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் மரம் தொங்கும். என்னை மிகவும் வியக்க வைத்தது தொங்கும் செர்ரிதான். ஜப்பானிய ஆய்வாளர்கள் அதன் இளங்கிளைகளுக்கு ஜிப்ரெலின் என்ற ஊக்கியைக் கொடுத்தபோது, தூக்கிப் பிடிக்கும் கட்டை மேல்பக்கத்தில் உருவாகி, கிளைகள் நிமிர்ந்தே வளர்ந்தன. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே தொங்கல். உள்ளே காரணங்கள் வேறு வேறு.

அதனால்தான் தோட்டத்தில் ஒரு தொங்குமரத்தைக் கண்டால் இலையையும் பூவையும் பிறகு வைத்துக்கொண்டு, தொங்கல் எங்கே தொடங்குகிறது என்று முதலில் பார்க்கிறேன். பெரிய கிளைகள் நிமிர்ந்து போய் மெல்லிய மிலாறுகள் மட்டும் நீளமாக இறங்கினால் அது சீனத்திலிருந்து உலகெங்கும் பரவிய தொங்கும் வில்லோவாக இருக்கலாம்; இலை குறுகலாக, நுனி கூராக இருக்கிறதா என்று பார்த்து உறுதி செய்யலாம். பாட்டில் கழுவும் பிரஷ் வடிவச் சிவப்புப் பூ மரமும் இதே வகை. கிழக்கு ஆஸ்திரேலியாவின் ஓடைக்கரைகள்தான் அதன் ஊர். பூ இல்லாத நாளிலும், பழைய கிளைகளை ஒட்டிக்கொண்டிருக்கும் கட்டை போன்ற சிறு காய்கள் அதைக் காட்டிக்கொடுக்கும். வீட்டுக்குள்ளும் வளர்க்கப்படும் பெஞ்சமின் அத்தியில் நுனிகள் மட்டுமே தாழ்ந்திருக்கும்.

தலைக்கொழுந்தே நிமிராத மரங்கள் இன்னொரு கூட்டம். ஸ்காட்லாந்தின் டண்டி நகரை ஒட்டிய கேம்பர்டவுன் மாளிகைத் தோட்டத்தில், 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில், தரையோடு தரையாகக் கோணல்மாணலாக வளர்ந்த ஓர் எல்ம் மரம் தலைமை வனக்காவலர் டேவிட் டெய்லரின் கண்ணில் பட்டது. அதன் கிளையை வெட்டி, நிமிர்ந்த வேறோர் எல்ம் தண்டின் உச்சியில் ஒட்டுக்கட்டினார்கள். இன்று பல நாடுகளில் குடை விரித்து நிற்கும் கேம்பர்டவுன் எல்ம்கள் எல்லாம் அந்த ஒரே மரத்தின் ஒட்டுகள். தொங்கும் முசுக்கொட்டையும் பெரும்பாலும் இப்படித்தான் வளர்க்கப்படுகிறது.

இவற்றை அடையாளம் காணத் தண்டைப் பார்த்தால் போதும். உச்சியில், கிளைகள் எல்லாம் ஒன்றாகப் புறப்படும் இடத்தில் ஒரு புடைப்பு இருக்கும். அதற்கு மேலும் கீழும் பட்டையின் நிறமோ சொரசொரப்போ மாறலாம். ஒட்டின் உயரம்தான் மரத்தின் உயரத்தையும் பெரும்பாலும் முடிவு செய்யும். வயதானாலும் அது அகலத்தில்தான் பெருக்கும். புடைப்புக்குக் கீழிருந்து ஒரு தளிர் நேராக மேலே கிளம்பினால் அது அடிச்செடியின் தளிர். விட்டுவைத்தால் சில ஆண்டுகளில் தொங்கும் கிளைகளை மீறி அதுவே மரமாகிவிடும். கண்டவுடன் தண்டோடு ஒட்ட நறுக்கிவிட வேண்டும்.