பாலைக் குடித்துவிட்டு காஸ்ட்ரிக் மாத்திரை கேட்காதீர்கள்

பெரட்டுக்கு (தோட்டத்தில் காலையில் பேர் கொடுக்கும் இடம்) கிளம்பும்போதே வயிறு உப்புகிறது, உறுமுகிறது, பாதி வழியில் கலக்குகிறது. உடனே, "காஸ்ட்ரிக் மாத்திரை குடுங்க." மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத் தோட்டங்களிலிருந்து இதே கேள்விதான் மறுபடி மறுபடி வருகிறது. காலையில் என்ன குடித்தீர்கள்? வெறும் வயிற்றில் மைலோ, அதில் பால்மாவு 3 மேசைக்கரண்டி. பத்து மணிக்குத் தே தாரிக், அதாவது பால் ஊற்றி ஆற்றிய டீ. அந்த மாத்திரை இரைப்பை அமிலத்தைக் குறைக்கும். தொல்லையோ குடலில்.

உங்களுக்குப் பால் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று சொன்னால் கோபம் வருகிறது. "எங்க தாத்தா லயத்துல மாடு கட்டி வச்சிருந்தாரு. பால் குடிச்சு வளந்த எனக்கா பால் ஒத்துக்காது?" கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். பாலிலுள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையைச் செரிக்க லாக்டேஸ் நொதி வேண்டும். கைக்குழந்தைக்கு அது நிறைய சுரக்கும். பால்குடி மறந்தபின் குறைந்துகொண்டே போகும். உலகத்தில் பெரியவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினருக்கு அப்படித்தான். அது வியாதி அல்ல, அலர்ஜியும் அல்ல. மரபணுவில் ஒரேயோர் எழுத்து மாறியவர்களுக்கு மட்டும் நொதி கடைசிவரை சுரக்கும். ஐரோப்பியரிடம் காணப்படும் அந்த மாற்றம் 2002-இல் கண்டறியப்பட்டது. வட இந்தியரிடமும் ஓரளவு உண்டு, தென்னிந்தியரிடம் குறைவு. ஆகவே சின்ன வயதில் குடித்த பால் இன்றைய வயிற்றுக்குச் சாட்சி ஆகாது. தாத்தாவின் மாடும் ஆகாது.

மரபணுவை மாற்ற முடியாது, அளவை மாற்றலாம். 250 மில்லி பாலில் சுமார் 12 கிராம் லாக்டோஸ். சாப்பாட்டோடு குடித்தால் பலருக்கு அவ்வளவுகூடத் தாங்கும்.

2 வாரம் பால், பால்மாவு, டின் பால், சுசு சாயிர் (தண்ணீராக ஊற்றும் டின் பால்) எல்லாவற்றையும் நிறுத்துங்கள். பால் சேர்க்காத தே ஓ குடிக்கலாம். வயிறு அடங்கினால், சாப்பாட்டோடு அரை கிளாஸில் தொடங்கி, சில நாளுக்கொரு முறை கொஞ்சம் கூட்டுங்கள். எந்த அளவில் உறுமத் தொடங்குகிறதோ, அதற்குக் கீழேதான் உங்கள் அளவு. தயிர், மோர் பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்ளும். லாக்டோஸில் ஒரு பகுதியைக் கிருமிகளே தின்றுவிடுகின்றன. பாலைக் குறைத்தால் முள்ளோடு நெத்திலி, கேழ்வரகு, முருங்கைக்கீரை சேருங்கள். கால்சியத்தை விட்டுவிடாதீர்கள்.

நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் புதிதாகத் தொடங்கியவர்கள், அளவு கூட்டியவர்கள் அதை முதலில் சொல்லுங்கள். அந்த மாத்திரையும் இப்படியே கலக்கும். வயிற்றுப்போக்குக்குப் பின் பிள்ளைகளுக்குப் பால் சில நாள் ஒத்துக்கொள்ளாமல் போகலாம்; அது தற்காலிகம். அதற்காகத் தாய்ப்பாலை நிறுத்திவிடாதீர்கள் அம்மா.

மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, ரத்தசோகை. இதில் ஒன்று இருந்தாலும் 2 வாரச் சோதனை வேண்டாம், நேரே கிளினிக்குக்குப் போங்கள்.