ஊருக்கு டிக்கெட் போடும் முன் 212(எஃப்) பற்றித் தெரிந்துகொள்ளுங்கள்

நான் அமெரிக்காவில் குடியேற்றச் சட்ட வழக்கறிஞர். என்னிடம் வரும் தமிழர்கள் பலரும் விசாவுக்கு முன்னால் அரசியலைத்தான் கேட்கிறார்கள். டிரம்ப் ஒரே கையெழுத்தில் குடியேற்ற விதிகளை இப்படியெல்லாம் மாற்ற முடியுமா? கோர்ட்டு தடுக்காதா? அடுத்து வருகிறவர் மாற்றிவிடுவாரா? மூன்று கேள்விக்கும் பதில் ஒரே இடத்தில்தான் தொடங்குகிறது. உத்தரவு வரும் நாளில் நீங்கள் அமெரிக்க எல்லைக்கு உள்ளே இருக்கிறீர்களா, வெளியே இருக்கிறீர்களா என்பதில்.

1952இல் கொரியப் போர் நடந்துகொண்டிருந்தது. எஃகு ஆலைகளில் வேலைநிறுத்தம் வந்தால் ராணுவத்துக்கு ஆயுதம் கிடைக்காது என்று சொல்லி, அதிபர் ட்ரூமன் ஆலைகளை அரசு வசம் எடுத்தார். தேசப் பாதுகாப்பு என்ற காரணம் மட்டும் போதாது, நாடாளுமன்றம் தராத அதிகாரத்தை அதிபர் தானாக எடுத்துக்கொள்ள முடியாது என்று உச்ச நீதிமன்றம் ஜூன் 2ஆம் தேதி 6க்கு 3 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அதே மாதம் நாடாளுமன்றம் புதிய குடியேற்றச் சட்டத்தை நிறைவேற்றியது. ட்ரூமன் வேறு காரணங்களுக்காக அதைத் தடுத்தும், அவருடைய தடையை மீறியே நிறைவேற்றினார்கள். அந்தச் சட்டத்தில் இருப்பதுதான் 212(எஃப்) பிரிவு. வெளிநாட்டவரில் எந்த வகையினர் உள்ளே வருவதும் அமெரிக்க நலனுக்குக் கேடு என்று அதிபர் முடிவு செய்தால், தேவை என்று அவர் நினைக்கும் காலம்வரை அவர்கள் வருவதை நிறுத்திவைக்கலாம் என்கிறது அது. உள்நாட்டில் ஓர் ஆலையைத் தொட முடியாத அதிபருக்கு எல்லையில் இவ்வளவு பெரிய அதிகாரம் கிடைத்தது இப்படித்தான்.

சாதாரணமாக ஒரு விசா விதியை மாற்ற வேண்டுமென்றால், வரைவை அரசிதழான ஃபெடரல் ரெஜிஸ்டரில் வெளியிட்டு, மக்கள் கருத்தைக் கேட்டு, அதற்குப் பதில் எழுதி, அப்புறம்தான் அமலுக்குக் கொண்டுவர முடியும். மாதக்கணக்கில் ஆகும். நமக்கும் தயாராக நேரம் கிடைக்கும். 212(எஃப்) பிரகடனத்துக்கு இதெல்லாம் வேண்டாம், ஒரு கையெழுத்து போதும்.

இதை ஒரு கட்சியின் பழக்கமாக மட்டும் பார்ப்பவர்களுக்கு 2021ஐ நினைவுபடுத்துவேன். டெல்டா அலை வீசியபோது, மே 4 முதல் இந்தியாவிலிருந்து வருபவர்களை இதே பிரிவைக் காட்டித் தடுத்தவர் பைடன். நவம்பர் 8 வரை அந்தத் தடை நீடித்தது. குடிமக்களுக்கும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கும் விலக்கு இருந்தது. பெற்றோரின் இறுதிச் சடங்குக்குப் போன எச்-1பி (வேலை விசா) ஊழியர்கள் எத்தனையோ பேர் மாதக்கணக்கில் அங்கேயே சிக்கினார்கள். அதிகாரம் நாற்காலிக்குச் சொந்தம். யார் உட்கார்ந்தாலும் அது அங்கே இருக்கும்.

நீதிமன்றம் என்ன செய்யும்? 2017 ஜனவரி 27 அன்று டிரம்ப் ஏழு நாட்டவர் வருவதற்குத் தடை போட்டார். ஒரு வாரத்துக்குள் சியாட்டில் நீதிபதி அதை நிறுத்தினார். மார்ச்சில் திருத்திய உத்தரவு, செப்டம்பரில் மூன்றாவது வடிவம். அந்த மூன்றாவதை 2018 ஜூன் 26 அன்று உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்று ஏற்றுக்கொண்டது. அதிபர் பிரச்சாரத்தில் பேசியதைவிட, உத்தரவில் எழுதியிருக்கும் தேசப் பாதுகாப்புக் காரணத்துக்கே பெரும்பான்மை நீதிபதிகள் எடை கொடுத்தார்கள். 2021 ஜனவரி 20 அன்று பைடன் அதை ரத்து செய்யும்வரை மூன்று ஆண்டுகளுக்கு மேல் குடும்பங்கள் பிரிந்து கிடந்தன. அந்தத் தீர்ப்பு எனக்கு இன்றும் உடன்பாடில்லை. ஆனால் என் வேலை, அது இருக்கிறது என்று உங்களுக்குச் சொல்வது.

இப்போது 2025 செப்டம்பர் 19க்கு வருவோம். வெள்ளிக்கிழமை. இதே 212(எஃப்) பிரிவைக் காட்டி டிரம்ப்பின் புதிய எச்-1பி பிரகடனம், 1,00,000 டாலர் கட்டணம். எச்-1பியைத் தவறாகப் பயன்படுத்துவது தேசப் பாதுகாப்புக்கே அச்சுறுத்தல் என்று அதில் எழுதியிருந்தார்கள். அமெரிக்க நேரப்படி ஞாயிறு நள்ளிரவு 12.01க்கு அமல். இந்தியாவில் அது ஞாயிறு காலை 9.31. கையெழுத்தான இடத்திலேயே வர்த்தகச் செயலர் லட்னிக் இது ஆண்டுதோறும் கட்ட வேண்டியது என்றார். பெரிய நிறுவனங்கள் வெளிநாட்டில் இருக்கும் ஊழியர்களை உடனே திரும்பச் சொல்லி மெயில் அனுப்பின. சான் பிரான்சிஸ்கோவில் துபாய்க்குக் கிளம்ப இருந்த விமானத்திலிருந்து பயணிகள் இறங்கினார்கள்.

அந்த ஞாயிறு மகாளய அமாவாசை. அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுப்பதற்காகத் திருச்சி போயிருந்த ஒருவர் சனிக்கிழமை விடிகாலை என்னை அழைத்தார். "நாளைக்கு அம்மா மண்டபத்தில் காரியத்தை முடித்துவிட்டுக் கிளம்பினால் ஆகாதா சார்? அம்மா அழுகிறார்." பிரகடனத்தை வரி வரியாகப் படித்துப் பார்த்தேன். ஒரு பத்தி 'நாட்டுக்குள் வருகை' என்கிறது, அடுத்தது 'மனு' என்கிறது. ஏற்கெனவே விசா உள்ளவருக்குப் பொருந்தாது என்று எங்கேயும் இல்லை. வர முடிந்தால் வந்துவிடுங்கள் என்றேன். இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன். கிடைத்த டிக்கெட்டை எடுத்துக்கொண்டு, தர்ப்பணம் கொடுக்காமலே கிளம்பினார். அவர் தோஹாவில் அடுத்த விமானத்துக்குக் காத்திருந்தபோது குடியேற்றத் துறையின் குறிப்பு வந்தது. இனி தாக்கல் செய்யும் புதிய மனுக்களுக்கு மட்டும்தான், ஏற்கெனவே விசா உள்ளவர்கள் வழக்கம்போல் போய் வரலாம் என்று. ஒரே ஒரு முறை கட்டும் கட்டணம் என்று வெள்ளை மாளிகையும் சொன்னது.

அந்த ஒரே வரியை வெள்ளிக்கிழமையே பிரகடனத்தில் எழுதியிருக்கலாம். எழுதாமல் போனதன் விலையை ஸ்ரீரங்கத்தில் ஒரு குடும்பம் கொடுத்தது. பிறகு அமெரிக்க வர்த்தக சபை வழக்குப் போட்டது. இந்தக் கட்டணம் விதிக்க அதிபருக்கு அதிகாரம் உண்டு என்று வாஷிங்டன் மாவட்ட நீதிமன்றம் டிசம்பர் 23 அன்று தீர்ப்பளித்தது. மேல்முறையீடு செய்தார்கள். ஆனாலும், மறுபடியும் எல்லையில் அதிபரின் கைதான் ஓங்கியது.

எல்லைக்கு உள்ளே கதை வேறு. அதே ஆண்டு ஜனவரி 20 அன்று பிறப்புக் குடியுரிமை பற்றிய உத்தரவு வந்தது. பிப்ரவரி 19க்குப் பிறகு பிறக்கும் குழந்தைக்கு, தாய் எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருந்து, தந்தையும் குடிமகனோ கிரீன் கார்டு உள்ளவரோ இல்லையென்றால், குடியுரிமை கிடையாது என்றது. அந்தத் தேதிக்கு முன்பே சிசேரியன் செய்துகொள்ளலாமா என்று கர்ப்பிணிகள் மருத்துவர்களைக் கேட்டதாகச் செய்திகள் வந்தன. மூன்றே நாளில் சியாட்டில் நீதிபதி உத்தரவை நிறுத்தினார். 1868இல் சேர்த்த 14ஆம் திருத்தம் அரசியல் சாசனத்திலேயே இருக்கிறது, 1898இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்திருக்கிறது. பிப்ரவரி 19 வந்தபோது அந்த உத்தரவு அமலில் இல்லை. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது வேறு விஷயம். ஆனால் குறைமாதத்தில் ஒரு பிள்ளையைப் பெற்றெடுக்கும் அளவுக்கு அந்த ஜனவரியில் அவசரம் இருக்கவில்லை. இதை உரக்கச் சொல்ல வேண்டியது எங்களைப் போன்றவர்களின் கடமை.

ஆக, தொலைக்காட்சியில் "தேசப் பாதுகாப்பு" என்று கேட்டதும் நான் முதலில் தேடுவது அது எந்தச் சட்டப் பிரிவைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதை. 212(எஃப்) என்றால் வெளியில் இருப்பவர்களை உடனே அழைத்துப் பேசுவேன். உள்ளே இருப்பவர்களிடம் பயணத்தை மட்டும் தள்ளிப்போடச் சொல்வேன்.

மாணவர்களுக்குத் தனியாக ஒன்று. 1,00,000 டாலர் யாருக்குப் பொருந்தும் என்ற விரிவான விளக்கம் 2025 அக்டோபர் 20 அன்று, சரியாகத் தீபாவளியன்று வந்தது. அதன்படி, அமெரிக்காவுக்குள்ளேயே இருந்தபடி எஃப்-1 மாணவர் விசாவிலிருந்து எச்-1பிக்கு ஸ்டேட்டஸ் மாற்றிக்கொள்பவர்களுக்கு அந்தக் கட்டணம் இல்லை. ஆனால் மனு நிலுவையில் இருக்கும்போது நாட்டை விட்டுப் போனால் ஸ்டேட்டஸ் மாற்றக் கோரிக்கை கைவிடப்பட்டதாக ஆகிவிடும், கட்டணமும் தலையில் விழும். அக்கா கல்யாணத்துக்கு நான்கே நாள் போய்விட்டு வந்தாலும் இதே கதைதான். ஒப்புதல் வந்த பிறகு போய் ஸ்டாம்பிங் (தூதரகத்தில் பாஸ்போர்ட்டில் விசா பெறுவது) செய்து திரும்பினால் கட்டணம் கிடையாது. அதாவது அந்த ஒப்புதல் கடிதத்தின் தேதிக்கு முன்னால் கிளம்புகிறீர்களா, பின்னால் கிளம்புகிறீர்களா என்பதுதான் எல்லாம்.

ஸ்டாம்பிங் காலாவதியானவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 2025 டிசம்பர் 15 முதல் எச்-1பி, அவர்களுடைய குடும்பத்தினருக்கான எச்-4 விண்ணப்பதாரர்களின் சமூக ஊடகக் கணக்குகளையும் பார்க்கிறார்கள். ஒவ்வொரு விசா முடிவும் தேசப் பாதுகாப்பு முடிவு என்பது வெளியுறவுத் துறையின் நிலைப்பாடு. அந்த மாற்றத்தால், டிசம்பரில் நேர்காணல் வைத்துக்கொண்டு இந்தியா போனவர்கள் பலருக்குத் தேதி மார்ச்சுக்கும் அதற்கு அப்பாலும் தள்ளிப்போனது. வீட்டு வாடகை, கார் லோன், பிள்ளைகளின் பள்ளி எல்லாம் இங்கே, அவர்கள் அங்கே.

அப்பா அம்மாவைப் பார்க்கப் போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. போகிறவர்கள் ஒப்புதல் கடிதமான ஐ-797இன் அசலையும் கடைசிச் சம்பளச் சீட்டுகளையும் கையோடு கொண்டுபோங்கள். திரும்புவது தள்ளிப்போனால் அங்கிருந்து எத்தனை வாரம் வேலை செய்யலாம் என்று எச்.ஆரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தம்பதியரில் ஒருவருக்கு மட்டும் ஸ்டாம்பிங் முடிந்திருந்தால், பிள்ளைகளோடு மற்றவர் இங்கேயே இருப்பது நல்லது.