நிலநடுக்கத்தை மரவீடு தாங்குவது எப்படி?

சான் பிரான்சிஸ்கோவின் அலமோ சதுக்கத்தை ஒட்டிய ஸ்டைனர் தெருவில், 1892க்கும் 1896க்கும் இடையில் கட்டப்பட்ட விக்டோரியா காலத்து மரவீடுகள் ஒரே சாயலில் வரிசையாக நிற்கின்றன. இவற்றின் வண்ணப்பூச்சைப் படமெடுக்க உலகமே வருகிறது. ஆனால் 1906 ஏப்ரல் 18 அன்று நகரைக் குலுக்கிய, ஏறத்தாழ 7.9 அளவுள்ள நிலநடுக்கத்தை இவை தாங்கிய விதமே எனக்குப் பெரிய வியப்பு.

நிலம் அதிரும்போது கட்டடத்தைத் தாக்கும் விசை, கட்டடத்தின் நிறையையும் அதன் முடுக்கத்தையும் பொறுத்தது. கனமான செங்கல் சுவரில் அந்த விசை மிகுதி. பழைய சுண்ணாம்புச் சாந்துக்கோ இழுவிசையைத் தாங்கும் வலு குறைவு என்பதால் கற்கள் பிரிந்து சரிகின்றன. ரெட்வுட் என்னும் மரத்தின் பலகைகளால் ஆன வீடு எடை குறைந்தது. அதன் சட்டங்களை இணைப்பவை ஆணிகள். வீடு பக்கவாட்டில் அசையும்போது ஒவ்வோர் ஆணியும் சிறிதளவு வளைகிறது, அதைச் சுற்றியுள்ள மரநார் நசுங்குகிறது, உராய்வில் அதிர்வின் ஆற்றல் வெப்பமாகிக் கரைகிறது. இப்படி ஆயிரக்கணக்கான ஆணிகள் ஆளுக்குக் கொஞ்சமாகச் சுமையை ஏற்பதால், எந்த ஓர் இணைப்பும் திடீரென முறிவதில்லை. உட்சுவரின் மெல்லிய மரப்பட்டிகளும் அவற்றின் மேலுள்ள பூச்சும், விரிசல் விட்டபடியே, சட்டகத்துக்கு விறைப்பூட்டுகின்றன.

பலவீனம் இருப்பது காலடியில். அக்கால வீடுகள் பலவற்றில் அடிச்சட்டம் செங்கல் அஸ்திவாரத்தின் மேல் வெறுமனே வைக்கப்பட்டிருந்தது. அதிர்ச்சியில் வீடு முழுதாக வழுக்கி இறங்கிவிடும். இன்று அடிச்சட்டத்தை அஸ்திவாரத்தோடு போல்ட்டுகளால் பிணைத்து, தரைத்தளத்துக்குக் கீழுள்ள குட்டைச் சுவர்களில் ஒட்டுப்பலகை அறைகிறார்கள். புது வண்ணத்துக்குச் செலவிடும் முன் வீட்டுக்காரர்கள் செய்ய வேண்டிய வேலை இதுதான்.

நிலநடுக்கத்தைவிடப் பேரழிவு செய்தது, அதைத் தொடர்ந்து மூன்று நாள் எரிந்த தீ. தண்ணீர்க் குழாய்கள் உடைந்திருந்தன. அடித்தளம் முதல் கூரைவரை ஒரே நீளமாகச் செல்லும் சட்டங்களுக்கு நடுவிலிருந்த வெற்றிடம் புகைபோக்கிபோலத் தீயை மேலே இழுத்தது. அகன்ற வான் நெஸ் அவென்யூ ஓரத்துக் கட்டடங்களை வெடிவைத்துத் தகர்த்துத் தீயைப் பெரும்பாலும் அங்கேயே தடுத்ததால், அதற்கு மேற்கிலிருந்த அலமோ சதுக்கப் பகுதி தப்பியது.

பின்னாளில் கார் நிறுத்தத் தரைத்தளச் சுவர்களை அகற்றியது புதிய ஆபத்தாயிற்று. மேல்தளங்கள் விறைப்பாக இருக்க, கதவு மட்டுமே உள்ள கீழ்த்தளத்தில் அசைவு முழுவதும் குவிந்து அது மடிந்துவிடும். 1989 நிலநடுக்கத்தில் மரீனா பகுதியின் அடுக்குமாடிகள் இப்படித்தான் சரிந்தன. மூன்று தளங்களும் ஐந்து குடியிருப்புகளும் அதற்கு மேலும் கொண்ட பழைய மரக்கட்டடங்களின் கீழ்த்தளத்தை வலுப்படுத்த 2013இல் நகரம் சட்டமியற்றியது. தனிவீடுகள் அதில் சேரவில்லை.