வாழை வாடல்: எந்தப் பூஞ்சை என்று தெரிந்துகொண்டு நடுங்கள்

கேவண்டிஷ் வாழை ரகமான ஜி-9 போட்ட தோட்டத்தில் நாலு மரம் மஞ்சளடித்தால் போதும், அன்று மாலைக்குள் வாட்ஸ்அப்பில் படம் வந்துவிடுகிறது. கூடவே ஒரே கேள்வி: "டிஆர்4 வந்துடுச்சா சார்?" பயம் நியாயமானதுதான். ஆசியாவில் பல நாடுகளில் கேவண்டிஷ் வாழையை அழித்த டிஆர்4 (டிராபிகல் ரேஸ் 4) என்ற அந்தப் பூஞ்சை வகை 2019-ல் கொலம்பியா வரை போய்விட்டது. நம் நாட்டில் பீகாரின் கட்டிஹார், பூர்ணியா பக்கமும் உத்தரப் பிரதேசத்திலும் உறுதியாகியிருக்கிறது. ஆனால் அந்தக் கேள்விக்குப் படத்தைப் பார்த்து யாராலும் பதில் சொல்ல முடியாது. தோட்டத்துக்கே வந்து பார்த்தாலும் முடியாது.

கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடியது இவ்வளவுதான். அடியிலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளாகும். காம்பு தண்டோடு சேரும் இடத்தில் மடிந்து, காய்ந்த இலைகள் மரத்தைச் சுற்றிப் பாவாடை கட்டியதுபோல் தொங்கும். தண்டின் அடிப்பக்கம் நீளவாக்கில் வெடிக்கும். தண்டைக் குறுக்கே வெட்டினால் செம்பழுப்பாகப் புள்ளிகள் தெரியும். நீளமாகக் கிழித்தால் அதே புள்ளிகள் நூல் நூலாக மேலே ஓடுவதைப் பார்க்கலாம். இதெல்லாம் இருந்தால் அது ஃபுசேரியம் என்ற பூஞ்சையால் வரும் வாடலாக இருக்க வாய்ப்பு அதிகம். கிழங்கு கூழாகி நாற்றமடித்தால் பாக்டீரியா கிழங்கழுகலைச் சந்தேகியுங்கள். அதற்கு வைத்தியமே வேறு.

அந்தப் பழுப்பு நூலை ஆய்வகத்தில் அகர் தட்டில் (பூஞ்சை வளர்க்கும் கூழ் ஊற்றிய தட்டு) வைத்தால் சில நாளில் வெள்ளையும் இளம் ஊதாவுமாகப் பூஞ்சை படரும். நுண்ணோக்கியில் அரிவாள் போல் வளைந்த வித்துகள் தெரியும். ஃபுசேரியம் ஆக்சிஸ்போரம் என்று எழுதலாம். நுண்ணோக்கியால் அதற்கு மேல் போக முடியாது. இந்த இனம் ஏறக்குறைய எல்லா மண்ணிலும் இருக்கிறது. பெரும்பாலானவை பயிரை ஒன்றும் செய்வதில்லை. தக்காளியை வாட்டுவதும், வாழையை வாட்டுவதும், வேரில் சும்மா குடியிருப்பதும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்.

வாழையைத் தாக்குவதிலும் பல பிரிவுகள் உண்டு. ரஸ்தாளியைக் கொல்வது ரேஸ் 1. மொந்தன் வகைகளைத் தாக்குவது ரேஸ் 2. இவை இரண்டையும் கேவண்டிஷ் தாங்கும், ரேஸ் 4-ஐ (டிஆர்4 இதில் ஒரு வகை) மட்டும் தாங்காது என்பது பாடப்புத்தகக் கணக்கு. அந்தக் கணக்கை உடைத்தது நம் தேனிதான். அங்கே வாடிய கேவண்டிஷ் மரங்களில் இருந்தது ரேஸ் 1-ன் வீரியமான ஒரு வகை என்று திருச்சி தேசிய வாழை ஆராய்ச்சி மையத்து விஞ்ஞானிகள் 2010-ல் அறிவித்தார்கள். ஆகவே ஜி-9 வாடினாலே டிஆர்4 என்று முடிவு கட்டுவது தப்பு. 'நம்ம ஊர் பழைய வாடல்தானே' என்று அலட்சியமாக இருப்பது அதைவிடப் பெரிய தப்பு.

இந்தப் பூஞ்சைக்கு ஆண் பெண் சேர்ந்து இனம் பெருக்கும் நிலை இதுவரை கண்டறியப்படவில்லை. அப்படியிருந்தும் இத்தனை வகை எப்படி? 2010-ல் தக்காளி வாடல் பூஞ்சையில் நடந்த ஆய்வு ஒரு வழியைக் காட்டியது. நோய் உண்டாக்கும் மரபணுக்கள் தனிக் குரோமோசோம்களில் இருக்கின்றன. அப்படி ஒரு குரோமோசோம் தீங்கில்லாத வகைக்குத் தாவியதும், அதுவும் தக்காளியை நோயாக்கியது. வேறு எந்தப் பயிர்நோய் ஆய்வும் என்னை இவ்வளவு கவலைப்பட வைத்ததில்லை.

வகையைப் பிரித்துச் சொல்ல டிஎன்ஏதான் நம்பகமான சாட்சி. டிஎன்ஏவின் ஒரு பகுதியைப் பெருக்கிப் பார்க்கும் பிசிஆர் சோதனை ஒரே நாளில் பதில் தரும். ஆனால் ஒரு சோதனையை மட்டும் நம்பக் கூடாது. சில பிசிஆர் சோதனைகள் தீங்கில்லாத ஃபுசேரியத்தையும் ரேஸ் 4 என்று காட்டிவிடுகின்றன. முடிவு தாளில் 'பாசிட்டிவ்' என்று மட்டும் இருந்தால், வேறொரு மரபணுப் பகுதியை வைத்து உறுதி செய்தார்களா என்று கேளுங்கள்.

பூஞ்சைக்கொல்லி ஊற்றி மண்ணிலிருந்து இதை ஒழிக்க முடியாது. இதன் தடித்த வித்துகள் பல ஆண்டுகள் மண்ணில் கிடக்கும். அதனால் அடுத்து என்ன ரகம் நடுவது என்பதுதான் விவசாயி எடுக்கும் பெரிய முடிவு. சாதாரண ரேஸ் 1 இருக்கும் நிலத்தில் ரஸ்தாளியை விட்டுப் பூவனுக்கோ ஜி-9க்கோ மாறலாம். டிஆர்4 மண்ணில் ஜி-9 நட்டால் போட்ட பணம் போச்சு. திசு வளர்ப்புக் கன்று நோயில்லாமல் வரும் என்பது உண்மை. அதற்கு எதிர்ப்புச் சக்தி உண்டு என்று யாராவது சொல்லி விற்றால் நம்பாதீர்கள்.

சரி, மாதிரி எடுப்பது எப்படி? மரத்தை வேரோடு பிடுங்கிப் பஸ்ஸில் ஏற்றி வராதீர்கள். வழியெல்லாம் மண் உதிரும், நோயும் கூடவே போகும். முழுதாகச் செத்த மரம் வேண்டாம், அதில் அழுகல் கிருமிகளே மிஞ்சியிருக்கும். வாடத் தொடங்கி இன்னும் நிற்கிற மரத்தின் தண்டிலிருந்து பழுப்பு நூல் ஓடும் துண்டுகளை வெட்டி, தாளில் சுற்றி நிழலில் உலர்த்துங்கள். பாலிதீன் பையில் போட்டால் வேர்த்து அழுகிவிடும். ரகம் எது, கன்று எங்கிருந்து வாங்கியது, எந்தத் தண்ணீர் பாய்கிறது என்று எழுதி வையுங்கள். கத்தியையும் செருப்பையும் அங்கேயே கழுவிவிடுங்கள். அப்புறம், முடிவு வரும்வரை அந்தத் தோட்டத்துப் பக்கக்கன்று ஒன்றுகூட வெளியே போக வேண்டாம், சொந்தக்காரர் கேட்டாலும்.