ஆபரேட்டரை சஸ்பெண்ட் செய்தால் வால்வு மூடிவிடுமா?

இன்னொரு விபத்து அறிக்கை மேசைக்கு வந்திருக்கிறது. காரணம் என்ற கட்டத்தில் "ஆபரேட்டரின் கவனக்குறைவு". தீர்வு என்ற கட்டத்தில் "மெமோ, மறுபயிற்சி". கீழே கையெழுத்து, ரப்பர் ஸ்டாம்ப். அந்த இயந்திரத்தின் இன்டர்லாக், அதாவது ஆபத்தான நிலையில் இயந்திரத்தை ஓடவிடாமல் தடுக்கும் பாதுகாப்பு அமைப்பு, பல மாதமாகப் பைபாஸில், அதாவது வேலை செய்யாதபடி ஒதுக்கி, கிடந்தது. ஷிப்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அது மட்டும் பின்னிணைப்பில் ஒரு வரியாகப் பதுங்கியிருக்கிறது. தொழிற்சாலைப் பாதுகாப்பு ஆய்வில் இருப்பவன் என்பதால் சொல்கிறேன், தேதியையும் ஊரையும் மாற்றினால் எனக்கு வரும் அறிக்கைகளில் பாதி இதேதான்.

இந்தப் பழக்கத்துக்கு நூறு வயது தாண்டிவிட்டது. யோசிப்பது மேலாளரின் வேலை, சொன்னபடி செய்வது தொழிலாளியின் வேலை என்றார் அமெரிக்கப் பொறியாளர் ஃபிரெடரிக் டெய்லர். 1911இல் புத்தகமாகவே போட்டார். முறையை வகுத்தவர் மேலே இருக்கிறார் என்றால், தப்பு நடக்கும்போது மாட்டுவது கீழே இருப்பவர்தானே?

அப்புறம் வந்தது அந்த 88. 1931இல் ஹெர்பர்ட் ஹைன்ரிக் என்ற இன்ஷூரன்ஸ் நிறுவன அதிகாரி, விபத்துகளில் 88 சதவீதம் ஆட்களின் பாதுகாப்பற்ற செயலால், 10 சதவீதம் பாதுகாப்பற்ற சூழலால், 2 சதவீதம் தவிர்க்க முடியாதவை என்று எழுதினார். இன்றைக்கும் பயிற்சி வகுப்புகளில் இது ஸ்லைடில் ஓடுகிறது. பார்த்தாலே பற்றிக்கொண்டு வருகிறது. அவர் எண்ணியது எதை? இன்ஷூரன்ஸ் கோப்புகளையும் ஆலை உரிமையாளர்களின் பதிவுகளையும். அந்தப் பதிவுகளை எழுதியவர்கள் பெரும்பாலும் சூப்பர்வைசர்கள். "என் பிரிவில் இயந்திரம் சரியில்லை" என்று எந்த சூப்பர்வைசர் தன் கைப்பட எழுதிக் கொடுப்பார்? போதாததற்கு, ஒரு விபத்துக்கு ஒரு காரணம் என்றே கணக்கு. தடுப்புத் தகடு கழன்ற இயந்திரத்தில் கை சிக்கினால் தகடும் காரணம், கை வைத்ததும் காரணம். ஒன்றைத்தான் எழுத வேண்டும் என்றால் எதை எழுதுவார்கள் என்று உங்களுக்கே தெரியும். யார் மேல் பழி எழுதுவது சுலபம் என்பதற்கான கணக்கு அது. தயவுசெய்து அந்த ஸ்லைடைத் தூக்கிவிடுங்கள்.

அமைப்புகளைப் பற்றிய ஆய்வு எப்போதோ அங்கிருந்து நகர்ந்துவிட்டது. கையில் இருக்கும் அரைகுறைத் தகவலையும் கொஞ்ச நேரத்தையும் வைத்துத்தான் மனிதர்கள் முடிவெடுக்கிறார்கள் என்று நிர்வாகவியல் அறிஞர் ஹெர்பர்ட் சைமன் 1940களிலேயே எழுதினார். ஆனால் ஆலைக்காரர்களை உலுக்கியது 1979 மார்ச் 28, அதிகாலை 4 மணி. இடம், பென்சில்வேனியாவின் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையம். அழுத்தம் குறைக்கத் திறந்த வால்வு மூடாமல் நின்றுவிட்டது. கன்ட்ரோல் பலகையிலோ, வால்வு மூடிவிட்டது என்று நினைக்கும்படி விளக்கு அணைந்திருந்தது. "மூடு" என்ற கட்டளை போய்விட்டதைத்தான் அந்த விளக்கு காட்டியது, வால்வு நிஜமாகவே மூடியதா என்பதை அது காட்டவில்லை. இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகத் தண்ணீர் வெளியேறியது. மானி தண்ணீர் மட்டம் ஏறுவதாகக் காட்ட, ஆபரேட்டர்கள் அவசரக் குளிர்நீரைக் குறைத்தார்கள். உலையின் மையப்பகுதி பாதியளவு உருகியது. (அலாரம் விடாமல் அடிக்கும் கன்ட்ரோல் ரூமுக்குள் போனால் நான் முதலில் பார்ப்பது யாராவது தலை நிமிர்கிறார்களா என்பதைத்தான். அன்று அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட அலாரங்கள்.)

ஆபரேட்டர் தவறு என்று முடித்திருக்கலாம். ஆனால் 1977இலேயே ஓஹியோவின் டேவிஸ்-பெஸ்ஸி நிலையத்தில் இதே வகை வால்வு இதே போலத் திறந்து நின்றிருந்தது. அங்கிருந்த ஆபரேட்டர்களும் இதே போலத் தண்ணீரைக் குறைத்தார்கள். உலை மிகக் குறைந்த திறனில் ஓடியதால் தப்பித்தது. அந்த அனுபவம் த்ரீ மைல் ஐலண்ட் ஷிப்டுக்குப் போய்ச் சேரவே இல்லை. இரண்டு ஊரில் இரண்டு குழுக்கள் ஒரே தவறைச் செய்தால், எத்தனை பேருக்கு மெமோ கொடுப்பீர்கள்?

இந்த விபத்தை ஆராய்ந்த சமூகவியலாளர் சார்லஸ் பெரோ 1984இல், சிக்கலாகப் பின்னிக்கொண்டு இடைவெளியே இல்லாமல் ஓடும் அமைப்புகளில் இப்படிப்பட்ட விபத்து இயல்பானது என்றார். எல்லோரும் ஒத்துக்கொள்ளவில்லை. விமானந்தாங்கிக் கப்பல்களைப் போய்ப் பார்த்த பெர்க்லி ஆய்வாளர்கள், அவ்வளவு ஆபத்திலும் விபத்து குறைவாக இருப்பது எப்படி என்று கேட்டார்கள். அப்படி ஒரு கப்பலில், ஒரு மாலுமி தளத்தில் கருவியைத் தொலைத்துவிட்டு அதைத் தானே போய்ச் சொன்னார். வானில் இருந்த விமானங்களைக் கரைக்குத் திருப்பிவிட்டுத் தேடினார்கள். மறுநாள் அவருக்குப் பாராட்டு விழா. நம் ஆலையில் என்ன நடந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அமெரிக்காவின் சாலஞ்சர் விண்கல விபத்தை ஆராய்ந்த சமூகவியலாளர் டயான் வாகன் 1996இல் சொன்னது நம் பைபாஸ் கதையேதான். ராக்கெட்டின் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் அரிக்கப்படுவதை 1981 முதலே பார்த்தார்கள். ஒவ்வொரு முறையும் ஒன்றும் ஆகவில்லை, அதனால் பழகிப்போனது. 1986 ஜனவரி 28 அன்று அந்த வளையம் தோற்றுப்போய், சாலஞ்சரில் இருந்த ஏழு பேர் இறந்தார்கள்.

"அப்போ குடித்துவிட்டு வந்தவனையும் விட்டுவிடணுமா சார்?" என்று யாராவது கேட்பார்கள். வேண்டாம், நடவடிக்கை எடுங்கள். என் மேசைக்கு வரும் அறிக்கைகளில் அப்படிப்பட்டவை மிகக் குறைவு.

இனி செய்ய வேண்டியது. பைபாஸ் போட்டால் யார் போட்டது, எதற்கு, எப்போது எடுப்பது என்று பதிவேட்டில் எழுதுங்கள். ஷிப்ட் மாறும்போது போகிற போக்கில் வாயால் சொல்வது கணக்கில் வராது. நியர் மிஸ், அதாவது மயிரிழையில் தப்பிய விபத்தைச் சொல்ல வந்தவரைத் திட்டாதீர்கள், ஒரு தடவை திட்டினால் அடுத்தது உங்கள் காதுக்கு வராது. காண்டிராக்ட் ஆட்களையும் கேளுங்கள், பாதி விஷயம் அவர்களுக்குத்தான் தெரியும். வாசலில் "விபத்தில்லா நாட்கள்" பலகையைப் பார்த்து ஏமாறாதீர்கள். 2005இல் 15 பேர் இறந்த அமெரிக்காவின் டெக்சஸ் சிட்டி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையிலும் தனிநபர் காயக் கணக்கு நன்றாகத்தான் இருந்தது. விசாரணையில் "ஏன் இப்படிச் செய்தாய்?" என்று ஆரம்பிக்காமல், "அந்த நேரத்தில் உங்களுக்கு என்ன தெரிந்தது?" என்று கேட்டுப் பாருங்கள்.

எச்.ஆர். நண்பர்களே, விசாரணை முடியும் வரை அந்த சஸ்பென்ஷன் கடிதத்தை டைப் செய்யாதீர்கள். அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டால், அன்று இரவு அந்த இயந்திரம் என்ன செய்தது என்று எனக்குச் சொல்ல ஆலையில் ஆள் இருக்காது.